இரண்டு முத்திரைகளும் ஒரு தேசிக்காயும்

1974 ஏப்ரல் 20, சனிக்கிழமை. காலை 4.15க்கு எழுந்தேன். கிணற்றடியில் முகம் கழுவி, முதல்நாள் வரிசையில் நின்று வாங்கிய பாணில் இரண்டு துண்டும் சீனி போடாத தேநீர் ஒரு கோப்பையும் எடுத்தேன். 4.50க்கு கன்வஸ் சப்பாத்து அணிந்தேன். இடது சப்பாத்தின் அடியில் சைக்கிள் டியூப் துண்டு ஒட்டியிருந்தது. 5.00 மணிக்கு மைத்துனன் சாமு சைக்கிளுடன் வருவதாக ஏற்பாடு. வந்தது 5.25க்கு.

அன்றைய நாட்குறிப்பில் உள்ளபடியே இதைத் தருகிறேன்.

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் வேறு ஏதோ எழுதும்போது, நான் மரதன் ஓடியவன் என்று ஒரு வரி போட்டுவிட்டேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், "ஆகக்கூடியது எத்தனையாவதாக வந்தீர்கள்?" என்று அஞ்சலட்டையில் கேட்டிருக்கிறார். நேரான கேள்வி. என்னிடம் நேரான பதில் இல்லை. ஏன் இல்லை என்பதை விளக்க ஒரு வாரத்துப் பக்கம் முழுவதும் தேவைப்படுகிறது.

மேசை இல்லாத முடிவிடம்

நான் ஓடத் தொடங்கியது முப்பத்திரண்டு வயதில். அப்போது காணிப் பதிவுக் கந்தோரில் லிகிதர், ஊர் வாயில் கிளாக்கர். கந்தோர் விளையாட்டுப் போட்டியில் ஒரு மைல் ஓட்டத்துக்கு ஆள் குறைகிறது என்று என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். கடைசியாக வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் வந்த எல்லோரும் புல்லில் விழுந்து கிடக்க, நான் மட்டும் நின்றபடி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேகம் இல்லை, ஆனால் நிற்காமல் போகலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அதன் பின் ஒவ்வொரு சித்திரைப் புத்தாண்டுக்கும் எங்காவது ஒரு விளையாட்டுக் கழகம் மரதன் ஓட்டம் வைக்கும். போவேன். ஓடுவேன். முடிப்பேன். 1974க்கு முன் ஏழு வருடத்தில் ஐந்து ஓட்டங்கள் முடித்தேன். ஐந்தில் ஒன்றில்கூட நான் முடித்ததற்கு எழுத்தில் ஒரு சாட்சி கிடையாது.

காரணம் எளிது. எங்கள் பக்கத்துக் கழகங்களுக்கு மரதன் என்றால் முதல் பத்துப் பேர். பத்தாவது ஆள் வந்ததும் கயிற்றைச் சுருட்டி, மேசையைத் தூக்கிக்கொண்டு போய் முட்டி உடைத்தலுக்கு ஆயத்தம் செய்வார்கள். ஒரு முறை நான் மைதானத்துக்குள் ஓடி வந்தபோது முடிவுக் கோட்டின் மேல் கயிறிழுத்தல் நடந்துகொண்டிருந்தது. இரண்டு அணிக்கும் நடுவே புகுந்து கோட்டைத் தாண்டினேன். இரண்டு அணிகளும் ஏசின.

இன்னொரு முறை பரிசளிப்பு உரை நடுவில் வந்து சேர்ந்தேன். "அண்ணை, சத்தம் போடாமல் அங்காலை இருங்கோ" என்றார்கள். நான் சத்தம் போடவில்லை. மூச்சு வாங்கினேன்.

இன்னொரு கழகத்தில் பொறுப்பானவரைத் தேடிப் பிடித்து, "என்ரை நேரத்தை எழுதுங்கோ" என்று கேட்டேன். அவர் என் தோளில் தட்டினார். "நீங்கள் வந்திட்டியள்தானே? அது காணும்."

அது காணாது. எனக்குப் போதாது. என் தகப்பனார் மிஷன் பள்ளிக்கூட ஆசிரியர். எட்டு வயதில் என் கையில் ஒரு நாட்குறிப்பைத் தந்து, நடந்ததை மட்டும் எழுது என்றவர். நான் முடித்த நேரத்தை என் நாட்குறிப்பில் நான் எழுதுவது, தன் காணிக்குத் தானே உறுதிப் பத்திரம் முடிப்பது போன்றது. எனக்கு வேண்டியிருந்தது கிண்ணம் அல்ல. மாலை அல்ல. வேறொருவர் கையால், ஒரு தாளில், என் பெயரும் சரியான நேரமும். அவ்வளவே.

நானே எழுதிய விதி

1974இல் நல்லூர்ப் பக்கத்து வாசிகசாலை ஒன்றின் விளையாட்டுக் கழகம் கீரிமலையிலிருந்து தங்கள் மைதானம்வரை ஓட்டம் வைத்தது. கழகச் செயலாளர் குகதாசன் என்ற இளைஞர். விதிகளை அழகாக எழுத ஒரு கை தேவை என்று என்னிடம் வந்தார்.

"எழுதித் தாறன் தம்பி. ஒரு நிபந்தனை. கடைசி ஆள் வரும்வரைக்கும் மேசை இருக்க வேணும். எல்லாற்றை நேரமும் எழுத வேணும்."

"கடைசி ஆள் மத்தியானம் வந்தால்?"

"மத்தியானம்வரைக்கும் இருக்க வேணும்."

அவர் யோசித்தார். "சரி அண்ணை. ஆனால் எனக்கும் ஒரு பிரச்சினை இருக்குது. போன வருசம் ஒருத்தன் வெங்காய லொறிக்குப் பின்னாலை தொங்கிக்கொண்டு வந்து மூண்டாம் பரிசு எடுத்திட்டான். உதுக்கு என்ன செய்யலாம்?"

வழி சொன்னது நான். பாதையில் இரண்டு இடங்களில் ஆள் வைத்து, ஓடி வருகிறவர் கையில் றப்பர் முத்திரை குத்த வேண்டும். ஒன்று மல்லாகத்தில், இடது கை. மற்றது இணுவிலில், வலது கை. விதி ஏழு என்று அதை எழுதினேன். 'இரண்டு முத்திரைகளும் தெளிவாக இல்லாத எவரது பெயரும் பதியப்படமாட்டாது.'

வாசிகசாலையில் இருந்தவையே இரண்டு முத்திரைகள்தான். ஒன்றில் வாசிகசாலையின் பெயர். மற்றது பெரிய அகராதிகளில் குத்துவது: 'வெளியே எடுத்துச் செல்லக் கூடாது.'

பாதையையும் நானே அளந்தேன். சைக்கிள் சில்லில் சிவப்புத் துணி கட்டி, கீரிமலையிலிருந்து சுற்றுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். அறிவித்தல் பலகையில் 'பதின்மூன்று மைல்' என்று போட்டிருந்தார்கள். என் கணக்கில் பத்து மைல் ஆறு பர்லாங். சொன்னேன். "பதின்மூண்டு எண்டால்தான் எடுப்பு அண்ணை" என்றார் குகதாசன். பலகை மாறவில்லை.

முப்பத்தொரு பேரும் அறுபது சைக்கிளும்

ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய ஓட்டம் 6.37க்குத் தொடங்கியது. விசில் ஊத வேண்டிய பிரமுகர் கேணியில் குளிக்கப் போயிருந்தார். தலை காயட்டும் என்று எல்லோரும் காத்து நின்றோம்.

ஓடியவர்கள் முப்பத்தொரு பேர். அவர்களோடு வந்த சைக்கிள்கள் அறுபதுக்குக் குறையாது. எங்கள் ஊரில் ஒருவர் மரதன் ஓடினால் அவருடைய இனசனமும் கூடவே ஓடும், சைக்கிளில். காரியரில் வாளி, ஹாண்டிலில் சோடாப் போத்தல், வாயில் ஆலோசனை. ஐம்பது யார் தூரத்துக்கு ஒருதரம் தண்ணீர் ஊற்றாவிட்டால் ஓடுகிறவர் தீப்பிடித்துவிடுவார் என்று நம்புகிற சனம்.

என் பங்குக்கு வந்தவன் சாமு. என் மனைவி ரஞ்சிதத்தின் தம்பி. நல்லவன். அவனிடம் உள்ள ஒரே குறை, நல்லவனாக இருப்பதை நிறுத்தமாட்டான்.

அவனுக்கு முதல்நாளே சொல்லி வைத்திருந்தேன். மல்லாகம்வரைக்கும் தலையில் மட்டும் ஊற்றலாம். அதற்குப் பிறகு ஒரு சொட்டும் கூடாது. முத்திரை கரைந்துபோகும்.

"அத்தான், நான் என்ன சின்னப்பிள்ளையே? ஒருக்காச் சொன்னால் விளங்கும்."

"திருப்பிச் சொல்லு பாப்பம்."

"மல்லாகத்துக்குப் பிறகு நான் ஊத்த மாட்டன்."

அந்த வாக்கியத்தை அப்போதே நான் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

தெல்லிப்பழை தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. சந்தியில் நின்ற ஒருவர், "அண்ணை, பஸ் போயிட்டுது, இனி மெல்லப் போங்கோ!" என்றார். மல்லாகத்தில் றோட்டோரம் மர வாங்கு போட்டு உட்கார்ந்திருந்தவர் என் இடது முன்கையில் முத்திரையை அமத்தினார். மிகத் தெளிவு. எழுத்து ஒவ்வொன்றும் வாசிக்கலாம். அந்தக் கையை உடம்பிலிருந்து விலக்கி, முழங்கையை மடக்கி, வியர்வை வழியாதபடி தூக்கிக்கொண்டு ஓடினேன். சுன்னாகம் சந்தைக்கு முன்னால் பெண்கள் பரிதாபப்பட்டார்கள். "ஐயோ பாவம், கை முறிஞ்சு போச்சுப்போலை. முறிஞ்ச கையோடை ஓடுறார்."

இணுவிலில் இரண்டாவது முத்திரை. அதுவும் தெளிவு. இனி இரண்டு கைகளையும் தூக்க வேண்டியதாயிற்று. முன்னால் யாரோ துவக்கை நீட்டியதுபோல இரண்டு கைகளையும் உயர்த்தியபடி ஒரு நடுத்தர வயது மனிதர் காங்கேசன்துறை வீதியில் ஓடுவதை எண்ணிப் பாருங்கள். பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"கிளாக்கர் ஐயா! சனிக்கிழமை கந்தோர் பூட்டு! என்னத்துக்கு இந்த ஓட்டம்?"

அப்படி ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்பதை வேறு யாருக்கும் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. கால் நோகவில்லை. தோள் நொந்தது.

சாமு சொன்ன சொல் தவறவில்லை. மல்லாகத்துக்குப் பிறகு அவன் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. இணுவில் தாண்டியதும், "அத்தான், நான் கொஞ்சம் முன்னுக்குப் போறன்" என்று சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டான். நிம்மதியாக இருந்தது.

தாவடியில் ஒரு வீட்டு வாசல்

தாவடியில் ஒரு வீட்டுப் படலைக்கு முன்னால் பெரிய அண்டா வைத்து, நாலைந்து பெண்கள் செம்புகளோடு நின்றார்கள். நான் றோட்டின் மற்றக் கரைக்கு மாறினேன். அவர்களும் மாறினார்கள்.

"இவர்தான்! கையைத் தூக்கிக்கொண்டு வாறவர்! இவருக்குத்தான் நல்லா ஊத்தச் சொன்னது!"

"வேண்டாம்! அக்கா, வேண்டாம்! முத்திரை..."

"பாவம், கதைக்கக்கூட ஏலாமல் போச்சுது. ஊத்து பிள்ளை!"

ஊற்றினார்கள். இரண்டு பக்கத்தாலும். கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். உயரமான ஒருத்தி எட்டி அங்கேயும் ஊற்றினாள்.

அதோடு விட்டிருந்தாலும் ஏதோ நிழலாவது மிஞ்சியிருக்கும். வீட்டுக்கார அம்மா பாதி தேசிக்காயோடு வந்தார். என் கையைப் பிடித்தார். "கை விறைச்சுப் போச்சு, அதுதான் இப்பிடித் தூக்கிக்கொண்டு வாறார்" என்று சொல்லி, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரைக்கும் அழுத்தித் தேய்த்தார். பிறகு மற்றக் கை.

மைக் கறைக்கு எலுமிச்சம்புளி என்பது கந்தோரில் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். சட்டைப் பையில் பேனை ஒழுகினால் அதுதான் செய்வோம். மிக நன்றாக வேலை செய்யும்.

பத்து யார் தள்ளிச் சாமு சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி நின்று சிரித்துக்கொண்டிருந்தான். "பாத்தியளே அத்தான், நான் ஊத்தேல்லை. ஆக்களை ஒழுங்கு பண்ணி வைச்சன்!"

கைகளைக் கீழே போட்டேன். என் வாழ்நாளிலேயே நான் ஆக வேகமாக ஓடியது அந்த மீதி இரண்டு மைல்தான். கோபத்தில் அவ்வளவு பலம் இருக்கிறது என்று பயிற்சிப் புத்தகம் எதிலும் நான் வாசித்ததில்லை.

மேசை இருந்தது

மைதானத்துக்குள் நுழைந்தேன். மேசை இருந்தது. கயிறு இருந்தது. குகதாசன் பேனையோடு இருந்தார். அவர் தன் சொல்லைக் காத்திருந்தார். என் கைக்கடிகாரத்தில் 8.23. ஒரு மணி நாற்பத்தாறு நிமிடம். எனக்கு முன்னால் இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள்.

"வாங்கோ அண்ணை! கையைக் காட்டுங்கோ."

காட்டினேன். இடது கையில் ஊதா நிறத்தில் ஒரு மேகம். வலது கையில் அதுவும் இல்லை. தேசிக்காய் மணம் மட்டும் இருந்தது.

குகதாசன் கையைத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், "விதி ஏழு" என்றார்.

"தெரியும்."

"நீங்கள்தான் எழுதினது."

"அதுவும் தெரியும்."

நான் நகர்ந்திருப்பேன். அதற்குள் சாமு வந்து சேர்ந்தான். விசயம் விளங்கியதும் அவன் முகம் பேயறைந்ததுபோல் ஆனது. பிறகு மேசையில் குத்தத் தொடங்கினான்.

"நான் சாட்சி! கீரிமலையிலையிருந்து பின்னாலை வந்தனான். ஒரு அடி நடக்கேல்லை மனுசன்!"

"நீர் அவரின்ரை மைத்துனர். மைத்துனர்மாரின்ரை சாட்சியை எடுத்தால் லொறிக்காறனுக்கும் மைத்துனர் இருக்கிறார்" என்றார் குகதாசன்.

"அப்ப முத்திரை குத்தினவையைக் கேளுங்கோ!"

"அந்த ஆக்கள் இன்னும் வந்து சேரேல்லை. முத்திரையைத்தான் முதல் சைக்கிளிலை அனுப்பிப்போட்டினம்."

வாக்குவாதம் நீண்டது. மற்ற ஓட்டக்காரர்களின் இனசனமும் சேர்ந்துகொண்டது. அரைவாசிப் பேர் என் பக்கம், அரைவாசிப் பேர் விதி ஏழின் பக்கம். நான் எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. உண்மையில் நானும் விதி ஏழின் பக்கந்தான்.

திடீரென்று சாமு மேசையில் கிடந்த முத்திரைகளைக் கண்டான். ஒன்றை எடுத்து மையில் ஒற்றினான். என் இடது கையைப் பிடித்துக் குத்தினான். மற்றதை வலது கையில் குத்தினான். நான் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது.

"இப்ப இருக்குதோ? தெளிவா இருக்குதோ? வாசியுங்கோ!"

சனம் சிரித்தது. ஒருவர் என் வலது கையை உரக்க வாசித்தார். "வெளியே எடுத்துச் செல்லக் கூடாது!" மீண்டும் சிரிப்பு.

குகதாசனும் சிரித்துவிட்டார். அவருக்கும் களைத்துவிட்டது. பேனையை எடுத்து என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்கோ அண்ணை. எழுதட்டோ?"

அந்தக் கேள்வி என்னிடம் வந்தது. என்னிடம் மட்டும். இது மல்லாகத்தில் குத்திய முத்திரை அல்ல, எழுதாதே தம்பி, என்று ஏழெட்டுச் சொல் சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் நான் ஓடியது உண்மை. இரண்டு முத்திரையும் என் கையில் குத்தப்பட்டதும் உண்மை. ஏழு வருடம் காத்திருந்த தாள் ஒரு முழத் தூரத்தில் கிடந்தது.

நான் வாய் திறக்கவில்லை.

அவர் எழுதினார். '23. அருமைத்துரை.' பிறகு மேசையில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். 8.48. மனக்கணக்குப் போட்டு, அழகான எழுத்தில், 'இரண்டு மணி பதினொரு நிமிடம்' என்று எழுதினார்.

இருபத்தைந்து நிமிடம் வாக்குவாதத்தில் போனது. அதையும் நான் ஓடியதாகச் சேர்த்துவிட்டார்.

"தம்பி, அந்த நேரம்..." என்று தொடங்கினேன். நிறுத்தினேன். பொய் முத்திரைக்கு வாய் திறக்காதவன் பிழையான நேரத்துக்கு எந்த வாயால் கதைப்பது?

ரஞ்சிதம் சொன்ன தீர்ப்பு

மத்தியானம் வீட்டுக்குச் சாமு ஒரு கதலி வாழைக்குலையோடு வந்து, வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். ரஞ்சிதம் பொறுத்துப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்கடை பேர் வந்திட்டுதுதானே? பேந்தென்ன முகத்தை உப்பி வைச்சுக்கொண்டு?"

எல்லாவற்றையும் சொன்னேன். முத்திரை, மணிக்கூடு, நிமிடம். அவள் கடைசிவரை கேட்டாள். கேட்டு முடித்ததும் கறிச்சட்டியை மேசையில் வைத்தாள்.

"அந்தப் பேர் உங்களுக்கு வேணுமெண்டால் பேசாமல் சாப்பிடுங்கோ. வேண்டாமெண்டால் போய் வெட்டிவிடுங்கோ. ரெண்டுமில்லாமல் ஒரு வருசத்துக்கு என்ரை உயிரை எடுக்கக் கூடாது."

பின்னேரம் சாமு தெருவிலிருந்தே எட்டிப் பார்த்து, தாளை வாசிகசாலை வெளிச்சுவரில் ஒட்டிவிட்டார்கள் என்று ரஞ்சிதத்திடம் சொன்னான். பத்துக்குப் பிறகு இன்னும் இருபத்தொரு பெயர் இருக்கிறதாம். கடைசியாக வந்த மயிலிட்டிக்காரர், சப்பாத்தில்லாமல் ஓடியவர், தன் பெயரைப் பார்க்க இரண்டு தரம் வந்து போனாராம்.

அது சந்தோசமான செய்திதான். எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

காணிப் பதிவில் ஒரு பிழை நேர்ந்தால் நாங்கள் தாளைக் கிழிப்பதில்லை. சுரண்டுவதில்லை. மை பூசி மறைப்பதும் இல்லை. ஒற்றைக் கோடு இழுத்து, ஓரத்தில் சுருக்கொப்பமும் திகதியும் இட வேண்டும். அடியில் என்ன இருந்தது என்பதைப் பின்னால் வருகிற எவரும் படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததும், முகம் கழுவ முன்னர், சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசிகசாலைக்குப் போனேன். வீதியில் ஆள் இல்லை. சட்டைப் பையில் இருந்த சிவப்பு மைப் பேனையைத் திறந்து, இருபத்துமூன்றாம் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தேன். கையை மேசை விளிம்பில் வைத்து இழுப்பதுபோல நேராக, ஆனால் என்னால் முடிந்த அளவுக்கு மெல்லியதாக. ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, நிமிடம் பிசகாமல் எழுதினேன்: 21.4.74, மு.ப. 5.52.